பேசாதே சாரும் நாலு துண்டுப் புரதமும்

நாலு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து ஊமையாக்கத் தெரிந்தவர் இந்தியாவிலேயே எங்கள் 'பேசாதே சார்' ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியில், ஹைதராபாத்தில் பாலாநகர் பக்கம் ஒரு அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் அவரிடம் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த அலுப்பு இன்னும் தீரவில்லை.

ஒரு புரதம் எப்படிச் சுருண்டு மடங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த அணுவிலிருந்து எது எவ்வளவு தூரம் என்ற பட்டியல் மட்டும் கையில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரால் ஆகிற காரியமில்லை என்று, சார் புரதச் சங்கிலியை நாலு துண்டாக்கி, நாலு கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எங்களில் ஒருவர் காவல்.

"மெஷின் ஒண்ணோட ஒண்ணு பேசினா நேரம் வீண். உங்களுக்கும் அதேதான். பேசாதேங்கோ" என்பார்.

டிபன் பாக்ஸைக்கூட நாலு மூலையில் திறந்தோம். ஊறுகாய் வேண்டுமென்றால் சீட்டு எழுதி அவர் மூலம்தான் கேட்க வேண்டும். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த சரோஜா ஒருநாள், "ஊறுகாயே நக்கோ சார், விடுங்க" என்று, வேண்டாம் என்பதை ஊர்ப் பாஷையில் எழுதி அனுப்பினாள். அதையும் ஃபைலில் வைத்தார்.

திங்கட்கிழமை எங்கள் வேலையைப் பார்வையிடக் கமிட்டி வருவதாக இருந்தது. முழுப் புரதத்தையும் காட்டாவிட்டால் கம்ப்யூட்டர்கள் வேறு பிரிவுக்குப் போய்விடும். சார் பழையபடி ஸ்டோர்ஸ் பட்டியல் அச்சடிக்க வேண்டியதுதான். சனிக்கிழமை அவரவர் துண்டைக் கம்ப்யூட்டர் சொன்னபடி கம்பியில் வளைத்துக் கொண்டுவந்தோம். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. கணக்கைச் சரிபார்த்தால் நாலும் சரி. சார் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆறு மாசம் போச்சு" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

கம்பியும் கையுமாக முகம் கழுவப் போனேன். வாஷ்பேசின் கண்ணாடியில் என் சுருள், சரோஜாவின் சுருள் போகும் பக்கமே போனது. திரும்பி வந்து, அந்த அறையில் முதல்முறையாக வாய் திறந்தேன்.

"சரோ, உன்னோடது எந்தப் பக்கம் சுத்துது?"

"வலது. உன்னோடது?"

"இடது."

கண்ணாடியில் தெரியும் பிம்பத்திலும் தூரங்கள் மாறுவதில்லை; தூரப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கச் சுருள் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு கம்ப்யூட்டர் வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் சுருட்டி வைத்திருந்தன. இயற்கையில் அது வலப்பக்கம்தான் சுருளும் என்பது சாருக்குத் தெரியும். எங்களிடம் சொல்லியிருந்தால் பேச்சாகிவிடுமே.

இடப்பக்கத் துண்டுகளைக் கண்ணாடியில் தெரிகிறபடி வலப்பக்கமாக மறுபடி வளைத்தோம். திங்கட்கிழமை கமிட்டி முன் புரதம் முழுசாக நின்றது.

மறுநாள் மதியம் சார் எங்கள் நாலு மேஜைகளையும் தானே இழுத்து ஒன்றாகப் போட்டார். "பேசலாம்" என்றார். நாங்கள் டிபன் பாக்ஸ்களை நடுவில் வைத்தோம். அவரே தன் டிபனைத் திறந்து, "மாகாளிக் கிழங்கு ஊறுகாய். நாலு பேருக்கும் போறும்" என்று நீட்டினார்.

அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது என்று எழுத வந்தேன். பொய். முன்பே பிடித்திருந்தது; சொல்லத்தான் அனுமதி இல்லை.