வெள்ளைக் கோலி விழுந்தால் கதவு திறக்கும்

"மாடிச் சாவியைக் கொடுங்க சார்."

இந்த ஒன்றை மட்டும் வாய்தவறியும் கேட்டுவிடக் கூடாது என்று, வேலையில் சேர்ந்த அன்றே செயலாளர் சங்கரசுப்பிரமணியன் சொல்லியிருந்தார். திருநெல்வேலியை வளர்த்தது தாமிரபரணி என்பது பாமரர் கருத்து. உண்மையில் வளர்த்தது எங்கள் 'பொருநைச் சுடர்' பிரீமேசன் லாட்ஜ் என்னும் சகோதரர் சபைதான். அதன் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? நூறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் மாடி மண்டபத்தில் கூடி, மனிதகுலத்தை மேம்படுத்தி வருகிறார்கள். எப்படி என்பது ரகசியம். மனிதகுலத்துக்கே தெரியாது.

பெயரில் லாட்ஜ் இருப்பதால், குற்றாலம் போகிறவர்கள் அறை கேட்டு வருவதுண்டு. "இது தங்குமிடமல்ல, சகோதரத்துவத்தின் ஆலயம்" என்று விளக்கித் திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு.

அன்று வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லை. ஆறு பெருகி ஆற்றங்கரைத் தெருவுக்குள் புகுந்துவிட்டது. தெருவே எங்கள் வராந்தாவில் முழங்கால் தண்ணீரில் நின்றது. எல்லாருக்கும் முன்னால் எதிர்வீட்டு ரைஹானத், தோளில் கைக்குழந்தையோடு.

"யக்கா, மேல எடம் கெடக்குன்னு சொன்னாவ. பிள்ளைய மட்டுமாவது படுக்கப் போடுதேன்."

உள்ளே, 'வெள்ள நிவாரண அவசரக் கூட்டம்' கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தபடி கண்ணியமாக நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் சாவியைக் கேட்டேன்.

"ஏட்டி, ஒன்னய படிக்க வச்சதே நம்ம சபை நிதிதான். நீயே இப்படிக் கேக்கலாமா?" என்றார் செயலாளர்.

"படிக்க வச்சதுனாலதான் சார் கேக்கேன்."

தலைவர் சிவசண்முகம் அண்ணாச்சி, இரும்புக்கடை முதலாளி, நியாயஸ்தர். "வெளியாளு மண்டபத்துல கால் வைக்கணும்னா வாக்கெடுப்பு வேணும். பெட்டிய எடும்வே."

மகத்தான மரபு அது. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. சம்மதமென்றால் வெள்ளையைப் பெட்டிக்குள் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதவு திறக்காது. கரண்ட் போயிருந்தது. மழை இருட்டில் தடவித் தடவிப் போட்டார்கள். செல்போன் வெளிச்சம் அடிக்கட்டுமா என்றேன். ரகசிய வாக்கெடுப்பின் 'புனிதம்' கெட்டுவிடுமாம்.

போட்டு முடித்தபின் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பெட்டி நிறையக் கறுப்பு.

"நான் வெள்ளைதான்வே போட்டேன்!"

"நானும் வெள்ளைதான்!"

"அப்போ இம்புட்டுக் கறுப்பும் எங்கன இருந்து வந்துச்சு? ஆத்துலயா அடிச்சிக்கிட்டு வந்துச்சு?"

அத்தனை பேரும் நல்ல மனசுக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "கரண்டு வரட்டும், மறுபடி ஓட்டுப் போடுவோம். அதுவரைக்கும் வெளிய நிக்கவங்களுக்கு ஆளுக்கொரு குடை குடுத்துருவோம். போட்டோ எடுத்தா மலருக்கும் ஆச்சு."

இடுப்புவரை ஏறப்போகும் தண்ணீருக்குக் குடை. வராந்தாவில் குழந்தை விடாமல் இருமியது.

தலைவரின் மேசையில் ஒரு முரட்டுக் கல் உண்டு. இன்னும் செதுக்கப்படாத மனித மனத்தின் சின்னம் அது என்று மலரில் நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதை எடுத்தேன். மாடிக் கதவில் தொங்கும் பூட்டு பழையது.

"ஏட்டி, அது சின்னம்! கீழ வையி! வேலை போயிரும், பாத்துக்க!"

"போகட்டும் சார்."

படிக்கட்டைப் பார்த்து நடந்தேன். நூறு ஆண்டுகளாக அந்தச் சபையில் சும்மா உட்கார்ந்திருந்தவற்றுள், என் பலத்துக்குத் தூக்க முடிந்தது அந்தக் கல் ஒன்றுதான்.