கசற் அண்ணை அசையாத முக்கால் மணித்தியாலம்

ஒரேயொரு கசற்றை வைத்துக்கொண்டு உலகத்துச் சிக்கல் அத்தனைக்கும் விடை சொன்ன மனிதர், சண்டிலிப்பாயில் வாடகை வான் ஓடும் கசற் அண்ணை ஒருவர்தான்.

கசற்றில் இருந்தது பழைய வானொலி நகைச்சுவை நாடகம். நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் போன குடும்பமொன்று வழிநெடுகப் படும் பாடுதான் கதை. அண்ணைக்கு அது நாடகமல்ல, சட்டப் புத்தகம். அவித்த முட்டை கொண்டுவருபவரை வானில் ஏற்றமாட்டார். "நாடகத்திலை முதல் பிரச்சினை முட்டையாலைதான் துவங்கினது" என்பார். சிரிப்பு வரும் இடத்தில் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டுவார். நான் நல்லூர் முருகனைக் கூப்பிடுவேன்.

போன சித்திரையில் கண்டிக்குப் புறப்பட்டோம். நான், என் மனுசி, பிள்ளைகள், மனுசியின் தாயான மாமி. கொடிகாமத்திலேயே மாமி தொடங்கிவிட்டார்.

"தம்பி, உந்தச் சனியனை நிப்பாட்டும். தலை இடிக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பஸ் குடைசாயிற இடம் வருது."

"பயணம் போகேக்கை கேக்கிற கதையோ இது?"

முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்காமல் யாழ்ப்பாணத்து வாகனம் எதுவும் போகாது. நாங்களும் தேங்காய் உடைத்தோம், கச்சான் கடலை வாங்கினோம். திரும்பிவந்து பார்த்தால் மாமி இல்லை. கோயிலிலும் இல்லை, கடைகளிலும் இல்லை. அவருடைய கைத்தொலைபேசியும் சீனி வருத்தத்துக்கான மருந்துப் பையும் இருக்கையில் கிடந்தன. இலக்கம் ஒன்றும் அவருக்குப் பாடமில்லை.

"உங்கடை வான் மாதிரியே ஒரு சாம்பல் வான் நிண்டது. அதிலை ஒரு அம்மா ஏறினதைக் கண்டனான்" என்றார் கச்சான்காரி. எந்தப் பக்கம் போனது என்று அவர் கவனிக்கவில்லை.

நான் அண்ணையிடம் ஓடினேன். "அண்ணை, எடுங்கோ வானை. வவுனியாப் பக்கம் பாப்பம்."

"எடுக்கமாட்டன். நாடகத்திலை பெரியப்பாவைத் தேடிப் போன எல்லாரும் துலைஞ்சவை. பெரியப்பா நிண்ட இடத்திலைதான் நிண்டவர்."

சொல்லிவிட்டு வான் கதவுகளைத் திறந்துவைத்து, நாடகத்தை முழுச் சத்தத்தில் போட்டார்.

"மாமியைக் காணேல்லை, உங்களுக்குப் பகிடியோ?"

மனுசி அழுதாள். முக்கால் மணித்தியாலத்தில் பஸ் இரண்டுதரம் குடைசாய்ந்தது. மூன்றாம் தரம் சாயப் போகையில் சாம்பல் வானொன்று வந்து நின்றது. மாமி ஆறுதலாக இறங்கினார்.

"ஏறினவுடனை நித்திரையாப் போனன். அவையள் கலியாணவீட்டுக்குப் போற ஆக்கள். ஆரோ சொந்தக்காரி எண்டு நினைச்சுத் தலையணையும் வைச்சு விட்டிருக்கினம். மாங்குளத்திலை முழிச்சால் ஒரு சத்தமில்லை, நல்ல நிம்மதி. அப்பதான் யோசிச்சன், இது எங்கடை வானா இருக்க ஏலாதெண்டு."

என் பேச்சைக் கேட்டு நாங்கள் வெளிக்கிட்டிருந்தால் அந்த வான் வெறும் தெருவில் வந்து நின்றிருக்கும். அன்று, பயணத்தில் கண்ணே மூடாத நான் தம்புள்ளை வரும்வரை உறங்கினேன்.

இப்போது அண்ணைக்கு முழங்காலில் ஒப்பரேசன். மூன்று மாதம் வான் ஓடக்கூடாதாம். அடுத்துப் போகவிருந்த கதிர்காமத்துக்கு வேறு வான் பிடிக்கலாம் என்றேன். அண்ணை எழும்பட்டும் என்று பயணத்தையே தை மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். முடிவெடுத்தது மாமி.