பேட்டரிக்கு நாடி பார்த்தவர்

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், இரும்புக் கேட் போட்ட ஒரு முற்றம். விடிந்ததும் அங்கே கார்கள் வரிசைகட்டி நிற்கும். ஓடி வந்தவை பாதி, தள்ளிக்கொண்டு வரப்பட்டவை மீதி. எல்லோருக்கும் ஒரே ஆசை: நாடிக்காரர் தங்கள் பேட்டரியைத் தொட வேண்டும்.

நாடிக்காரர் மனிதர்களுக்கு நாடி பார்ப்பதில்லை. அந்தத் தொழிலில் போட்டி அதிகம். அவர் பேட்டரிக்குப் பார்த்தார். கண்ணை மூடி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு விரலை வைத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கிப் பெருமூச்சு விடுவார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"உயிர் போயிடுச்சுப்பா."

அந்த முற்றத்துக்குள் போன பேட்டரி எதுவும் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. காரை ஜம்மென்று ஓட்டிக்கொண்டு வந்தவர்கூட, இறங்கியதும் துக்கச் செய்தி கேட்டவர்போல் தலையைத் தொங்கப்போட்டார். செத்த பேட்டரி எப்படி வண்டியை இங்கே வரை கொண்டுவந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் நாடி தவறிவிடுமாம்.

விதிகளும் உண்டு. செத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அவரிடமே விட்டுவிட வேண்டும். பதிலுக்கு அவர் 'உயிரேற்றிய' பேட்டரி ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றித் தருவார், கடை விலையில் பாதிக்கு. துணியைப் பிரிக்கக் கூடாது. ரசீது கேட்கக் கூடாது. உத்தரவாத அட்டையா? சேச்சே, நம்பிக்கை இருக்கிற இடத்தில் அட்டை எதற்கு?

நகல் எடுக்கும் கடை வைத்திருந்த ஒரு பெண்ணும் ஒருநாள் இந்த வரிசையில் நின்றாள். அதிகம் பேசாதவள். அவள் வீட்டில் பேச்சே குறைவு. கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வாரத்துக்குச் சில நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் வண்டி ஓட்டும் அவள் சாலையைப் பார்ப்பாள், அவன் சன்னலுக்கு வெளியே பார்ப்பான். அந்த மௌனத்தில் கேட்கும் ஒரே சத்தம் பழைய காரின் இன்ஜின்தான். அதுவும் கொஞ்ச நாளாகக் காலையில் முக்கி முனகித்தான் எழுந்தது.

"அண்ணி, கடைக்காரன் கிட்ட ஏன் காசைக் கொட்டுறீங்க? நாடிக்காரர் கை வெச்சா போதும், அதுவும் பாதி விலைக்கு. என் பைக்குக்கே அவர்தான் வைத்தியர்," என்றான் கொழுந்தன்.

அவன் பைக் போன மாதம்தான் நடுரோட்டில் நின்றது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். விட்டுவிட்டாள். பாதி விலை என்ற சொல் அவள் வாயையும் அடைத்துவிட்டது.

கறுப்புத் துணி பேட்டரி ஒரு வாரம் உழைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு காலையில், சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினாள். அதுவும் இல்லை.

பின்சீட்டில் கணவன் வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். காத்துக் கிடந்து, கிடைத்த நேரத்துக்குப் பாதிச் சுத்திகரிப்புதான் நடந்தது. மூச்சு வாங்கியபடி திரும்பி வரும்போது அவன் சொன்னான்:

"அந்தத் துணியைப் பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். பளபளவென்று புதுப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினால், அடியில் எப்போதோ அச்சடித்த தேதி.

மறுநாள் காலையிலேயே பேட்டரிக் கடைக்குப் போனாள். காருக்குப் பொருந்தும் அளவா, தயாரித்த மாதம் எது, உத்தரவாதம் எவ்வளவு நாள் என்று மூன்றையும் கேட்டு, பெரிய பெயர் போட்டதை ஒதுக்கிவிட்டு, நடுத்தரமான ஒன்றை ரசீதோடு வாங்கினாள். ஆனால் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தன் கடையைத் திறந்து, நகல் இயந்திரத்திலிருந்து கொட்டிய கரித்தூளை எடுத்துப் புது பேட்டரியின் மேல் அப்பினாள். அது சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்ததுபோல் ஆனது.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்றான் கூடவே வந்த கொழுந்தன்.

"தூக்கு. உன் வைத்தியர் கிட்ட போகணும்."

முற்றத்தில் நல்ல கூட்டம். நாடிக்காரர் விரல் வைத்தார், பெருமூச்சு விட்டார்.

"செத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இதையா வீட்டுல வெச்சிருந்தீங்க?"

கூட்டம் 'உச்' கொட்டியது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா. கொஞ்சம்கூட உயிர் இல்லையா?"

"என் விரல் பொய் சொல்லாது."

அவள் ஈரத்துணியால் துடைத்தாள். புது பேட்டரி பல்லைக் காட்டியது. தயாரித்த மாதத்தை உரக்கப் படித்தாள், ரசீதையும் நீட்டினாள். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த காரின் முகப்பு விளக்குப் பல்பு ஒன்றை வயரால் இணைத்தாள். பளீரென்று எரிந்தது. முன்வரிசையில் நின்றவர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

நாடிக்காரர் லேசுப்பட்டவரா? ஒரு நொடிதான் விழித்தார்.

"பாத்தீங்களா! என் கை பட்டதும் உயிர் வந்துடுச்சு!"

கூட்டம் கைதட்டியது. ஆமாம், கைதட்டியது. ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

நகல்கடைக்காரி கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. தொட்டாலே உயிர் வருதுன்னா, இவங்க எல்லாரோட பழசையும் தொட்டு அவங்க கையிலயே கொடுத்துடுங்களேன். எதுக்கு வாங்கி வெச்சுக்கிட்டு வேற ஒண்ணை விக்கிறீங்க?"

முற்றம் அமைதியானது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் யோசித்தால் எழும் அமைதி அது. அந்த இடத்துக்குப் பழக்கமில்லாத சத்தம்.

கூட்டத்தில் நின்ற ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முதலில் நகர்ந்தார். நாடிக்காரர் உயிரேற்றி அடுக்கி வைத்திருந்த பேட்டரி வரிசையில் ஒரு கறுப்புத் துணியை உருவிப் போட்டார்.

"யோவ், இது என்னோடது! மூடியில கீறல் இருக்கு பாரு. செத்துப் போச்சுன்னு நீதானேய்யா சொன்னே?"

அப்புறம் துணிகள் பறந்தன. மளிகைக்காரர் கண்டெடுத்தது பால்வண்டிக்காரருடையதை. பால்வண்டிக்காரர் கண்டெடுத்தது தன் மாமனாருடையதை. இத்தனை நாளாக ஊர் தன் பழசைத் தானே மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறது. நாடிக்காரர் பின்கேட்டை நோக்கி ஓடினார். அந்த வேகத்தில் அவருடைய நாடியும் நன்றாகவே துடித்திருக்கும்.

புது பேட்டரியைப் பொருத்தி, அடுத்த ஆஸ்பத்திரி நாளில் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. இன்ஜின் உறுமியது. கணவன் பின்சீட்டை விட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள், அவனுடைய படுக்கையும் அவனுக்காகக் காத்திருந்தது.

வராந்தாவில் கொழுந்தன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, இவன் ஃபிராடுதான், ஒத்துக்கிறேன். ஆனா சந்தை பக்கம் ஒருத்தர் டயருக்கு ஜாதகம் எழுதுறாராம். அவர் நிஜமாவே பெரிய ஆளாம்..."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ரொம்ப நாள் எடுக்காம நிறுத்தியே வெச்ச வண்டியோட பேட்டரி தானா இறங்கிடும். தலைக்குள்ள இருக்கறதும் அப்படித்தான். தினம் கொஞ்சமாவது ஓட்டு."