கெடா யாருக்குச் சம்மதம் சொன்னது?

அனுப்புநர்:
க. கனிஷ்கா, பி.சி.ஏ.,
(உங்கள் எல்லா வீடியோவுக்கும் ‘கனிஷ்கா, திருச்செங்கோடு’ என்று முதல் கமென்ட் போடுபவள்)

பெறுநர்:
உயர்திரு கோச் செந்தமிழன் அண்ணா அவர்கள்,
‘எழு, வளர், பற’ சேனல்,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்.

பொருள்: கெடா உடம்பை உதறியதற்குச் சரியான அர்த்தம் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அண்ணா,

வணக்கம். இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீங்களும், உங்கள் மைக்கும், ரிங் லைட்டும் நலமாக இருக்கக் கருப்பராயனை வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான், அதற்கப்புறம் நான் யாருக்கும் கடிதமே எழுதியதில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும். கடைசி மூன்று வீடியோவிலும் நீங்கள் கமென்ட்டை ஆஃப் செய்துவிட்டீர்கள். நான் அனுப்பிய நாற்பத்தோரு மெசேஜும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் சேனல் விவரத்தில் கடைசி வரியில் இருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நேற்று தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கேட்டதும் அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏனுங் கண்ணு, போனு ரிப்பேருங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

என் கதை உங்களுக்குத் தெரியும், லைவில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கெல்லாம் உங்களுக்கு நெட் கட்டாகிவிட்டது. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்கு, வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விக்குச் சாட்டில் பதில் டைப் செய்துகொண்டிருந்தேன். பிறகு அதே பதிலைச் சொல்ல ஒரு மெஷினைப் பழக்கிவிடச் சொன்னார்கள். ஆறு மாசம் உசுரக் குடுத்துச் சொல்லிக் கொடுத்தேன் அண்ணா, இப்போது அது ‘ஏனுங்க’ என்றுகூடச் சொல்கிறது. அது நன்றாகப் படித்துத் தேறிய அன்றைக்கு எட்டே நிமிஷ மீட்டிங்கில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன் என்பதால் எங்கே போவதென்று தெரியவில்லை. அப்போதுதான் உங்கள் வீடியோ வந்தது. ‘பொருளாதாரம் விழும்போது நீ எழு’ என்று கோட்டு போட்டுக்கொண்டு சொன்னீர்கள். நான் எழுந்தேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

நீங்கள் சொன்னபடி காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், கையை விரித்து, "என்னால் முடியும்! என்னால் முடியும்!" என்று பத்து தடவை கத்தினேன். பக்கத்து வீட்டு நல்லம்மாள் பெரியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர், "என்னால முடியல"ன்னு நான் அழுவதாக நினைத்து ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். வந்து பார்த்துவிட்டு, "முடியுதுன்னா சத்தமில்லாம முடிய வேண்டீதுதான சாமி, எரும மெரளுது" என்று ஏணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் ஐந்து மணி என்பதே கொஞ்சம் லேட்டு அண்ணா, எல்லோரும் அதற்கு முந்தியே எழுந்து வேலையில் இருப்பார்கள், யாரும் அதை வளர்ச்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. அம்மாவுக்கு உங்கள் ‘ஐந்து மணி அதிசயம்’ வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அஞ்சு மணிக்கு இவம் பொறத்தால ஜன்னல்ல இந்த வெயிலா? இவனுக்குன்னு தனியா ஒரு சூரியனா?" என்று கேட்டார். ஏற்காட்டு மலையடிவாரத்தில் சூரியன் கொஞ்சம் சீக்கிரம் வரும்போல என்று நான்தான் உங்களுக்காகப் பேசினேன்.

அடுத்தது கனவுப் பலகை. நான் அடைய வேண்டியதையெல்லாம் படமாக வெட்டி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினேன். லேப்டாப், விமானம், மேடை, உங்கள் போட்டோ. மறுநாள் பார்த்தால் நடுவில் மீசை வைத்த ஒருவர் படம். அம்மாவைக் கேட்டால், "ஒட்டுனா நடக்கும்னியல்லோ? ராசிபுரத்து மாப்பிள்ளை, போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்காரு" என்கிறார். நான் அவரைப் பிய்த்தெடுக்க, கூடவே விமானத்தின் பாதியும் வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்த நாலு வட்டம். எனக்குப் பிடித்தது, எனக்குத் தெரிந்தது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் கிடைப்பது, நாலும் ஒன்றுசேரும் நடுப்பகுதியில்தான் என் வாழ்க்கையின் நோக்கம் இருக்கிறது என்றீர்கள். பெரிதாகப் போட்டால்தான் பெரிதாக வரும் என்றும் சொன்னீர்கள். வீட்டில் அவ்வளவு பெரிய பேப்பர் இல்லாததால் வாசலில் கோலமாவில் போட்டேன். நடுவில் என் பெயரை எழுதி, காற்றுக்கு மாவு பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கைக்குக் கிடைத்த எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, போனை எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் நல்லம்மாள் பெரியம்மா பார்த்துவிட்டார். "அடியே சௌந்திரம், உம்பட வாசல்ல எவளோ செய்வினை வெச்சிருக்கறா! புள்ள பேரு நட்டநடுவுல இருக்குதுடீ!" என்று அம்மாவைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான்தான் போட்டேன் என்றேன். "பாத்தியா, தனக்குத் தானே வெச்சிக்கிற அளவுக்குக் கொண்டுபோயிருச்சு" என்றார்கள்.

அம்மா அழுதுகொண்டே சுப்பையன் மாமாவுக்குப் போன் போட்டார். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எனக்கு வேலை போனதிலிருந்து, பண்ணைக்கு வா, முட்டை லோடு ஏற்றிவிடும் இடத்தில் சூப்பர்வைசராக இரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர். ‘பாதுகாப்பு என்பது ஒரு கூண்டு’ என்று நீங்கள் சொன்னதை நான் அவரிடம் சொன்னபோது, "கூண்டுக்குள்ள இருக்கறது கோழி கண்ணு. நீ வெளிய நின்னு முட்டைய எண்ணறவ. இதுலென்ன கொழப்பம்?" என்றார். இப்போது அம்மா அழுததும் நேரில் வந்து, "திங்கக்கெழமைக்குள்ள ஒரே வார்த்தை சொல்லிப்போடு. சேலத்துப் பக்கமிருந்து ஒருத்தன் மனு போட்டிருக்கறான், போன்ல பேசுனான், நல்லா வாய் பேசறான். நீ வரலீன்னா அவனைத்தான் எடுக்கோணும்" என்றார். நான் யோசிப்பதற்குள் அம்மா முடிவு செய்துவிட்டார், கருப்பராயனிடம் கேட்டுவிடுவது என்று.

உங்கள் வெளிநாட்டு ரசிகர்களுக்காக விளக்குகிறேன். சாமி முன்னால் கெடாவை நிறுத்தி, கேள்வியைக் கேட்டு, அதன் மேல் தீர்த்தம் தெளிப்பார்கள். அது உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறினால், துளுக்கிவிட்டது, சாமிக்குச் சம்மதம் என்று அர்த்தம். முடிவை டேட்டா வைத்து எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்களே, எங்களிடம் இருந்த டேட்டா அந்தக் கெடாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசாரி மாதையன் சொம்போடு நிற்கிறார். அம்மா கையைக் கூப்பி, "கருப்பராயா, புள்ள அவ மாமன் பண்ணைக்கு வேலைக்குப் போறதுல உனக்குச் சம்மதம்னா ஒரு ஒதறு ஒதறிக் காட்டு சாமி!" என்று ஊர் கேட்கக் கேட்டார். தண்ணீர் ஊற்றினார்கள். கெடா நின்றது. இன்னொரு சொம்பு. கெடா என்னையே பார்த்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"காதுக்குள்ள உடுங்க பூசாரி, காதுக்குள்ள போனாத்தான் ஒதறும்" என்றார் மாமா.

"ஏனுங்க சுப்பையன், நீங்க சாமிகிட்ட கேக்க வந்தீங்களா, சாமிக்குச் சொல்லிக் குடுக்க வந்தீங்களா?" என்றார் பூசாரி.

"வெதுவெதுன்னு வெய்யத் தண்ணியா இருக்கும், சொகமா நிக்குது பாரு" என்றார் நல்லம்மாள் பெரியம்மா.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு காரியம் செய்தேன் அண்ணா. நாலு வட்டத்தையும் ஒரு பேப்பரில் வரைந்து கையில் வைத்திருந்தேன். கண்ணை மூடி மனதுக்குள், ‘கருப்பராயா, நான் பண்ணைக்குப் போகாமல் அண்ணா மாதிரி ஒரு சேனல் ஆரம்பிக்க வேண்டுமென்றால் உதறு’ என்று மாற்றிக் கேட்டேன். கண்ணைத் திறந்தால் கெடா என் பேப்பரைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும், அதாவது என் வாழ்க்கையின் நோக்கத்தை மட்டும். நான் பிடுங்க, அது இழுக்க, தொண்டையில் ஏதோ சிக்கி, கொம்பிலிருந்து வால் நுனிவரை ஒரு உதறு உதறியது பாருங்கள், முன்வரிசையில் நின்ற அத்தனை பேரும் நனைந்துவிட்டார்கள்.

"துளுக்கிருச்சு!" என்று மாமா துண்டைச் சுழற்றினார்.

"அது எனக்குச் சொன்னதுங்க மாமா! கடேசியாக் கேட்டது நானு!"

"நீ எப்பக் கேட்ட?"

"மனசுக்குள்ள கேட்டேனுங்க."

பூசாரி இல்லையென்று தலையை ஆட்டிவிட்டார். "மனசுக்குள்ள கேட்டதெல்லாம் செல்லாது புள்ள. வாயத் தொறந்து கேட்டிருக்கோணும்." சாமிக்கு மனசு தெரியாதா என்று நான் கேட்க, "சாமிக்குத் தெரியும், கெடாவுக்குத் தெரியோணுமல்லோ" என்றார். "காயிதம் தொண்டையில மாட்டிக்கிச்சு, அதான்" என்றார் நல்லம்மாள் பெரியம்மா. அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. பந்தியில் கறி நன்றாக இருந்தது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

எனக்குச் சந்தேகமே இல்லை அண்ணா. கெடா எனக்குத்தான் உதறியது. உங்கள் கடைசி வீடியோவைப் பார்த்ததும் இன்னும் தெளிவாகிவிட்டது. பின்னாடி இருந்த புத்தக அலமாரியையே எடுத்துவிட்டு, வெறும் சுவரும் ஆணியுமாக உட்கார்ந்து, ‘விட்டுவிடுதலே வளர்ச்சி’ என்று பேசினீர்களே, என்ன ஒரு துணிச்சல்! நடுவில் குக்கர் விசிலடித்தபோதுகூட நிறுத்தவில்லை. ‘நாமக்கல் பக்கப் பண்ணைகளில் தங்குவதற்கு ரூம் தருவார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுக் கமென்ட்டையும் ஆஃப் செய்திருந்தீர்கள். சாதாரண உழைப்பாளிகளைப் பற்றிக்கூட ஆராய்ச்சி செய்கிற கோச் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே நாளை காலை புதுச்சத்திரம் போய், மாமா முகத்துக்கு நேராக, "மாட்டேனுங்க" என்று சொல்லப் போகிறேன். மாமா நல்லவர், இதற்குமேல் ஒருவர் என்னைத் தேடி வந்து வேலை தருவாரா என்றும் தெரியாது. ஆனால் உங்களை நம்புகிறேன்.

அண்ணியாருக்கும் வீட்டில் உள்ள பெரியோர்களுக்கும் என் வணக்கங்கள், சிறியோர்களுக்கு அன்பு முத்தங்கள், சப்ஸ்கிரைபர்கள் அனைவருக்கும் என் அன்பு. நீங்கள் மேலும் மேலும் வளர்ந்து, குக்கர் சத்தம் கேட்காத ஸ்டூடியோ அமைய வாழ்த்தும்,

உங்கள் தங்கை,
கனிஷ்கா.

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், அதனால் மேலே எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. இதைப் பையில் போட்டுக்கொண்டுதான் இன்று காலை மாமாவிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு காகிதத்தை நீட்டி, "அந்தச் சேலத்துக்காரன் மனு, இங்கிலீசுல இருக்குது, படிச்சுச் சொல்லு கண்ணு" என்றார். மேலே போட்டோ. அதே கோட்டு. அதே அலமாரி. அனுபவம்: பன்னிரண்டாயிரம் பேருக்கு வழிகாட்டியது. திறமை: காலை ஐந்து மணிக்கு எழுதல். தேவை: தங்க ரூம். இந்தப் பகுதியில் உங்களைத் தெரிந்தவர்: கனிஷ்கா, திருச்செங்கோடு.

"உம்பேரு போட்டிருக்குதே, ஆரு இவன்? நம்பலாமா?" என்றார் மாமா. நான் போட்டோவைப் பார்த்தேன் அண்ணா. அந்த நாற்பத்தோரு மெசேஜையும் நினைத்துப் பார்த்தேன், அந்த வெறும் ஆணியையும் நினைத்துப் பார்த்தேன். "நல்லாப் பேசுவாருங்க மாமா. முட்டைய ஒடைக்காம ஏத்துவாரான்னு தெரியாதுங்க. ஆனா அவருக்கும் ஒரு வேலை வேணுமுங்க" என்றேன். மாமா சிரித்துவிட்டு, "நீ சூப்பர்வைசரா வாரேன்னு சொல்லு, அவனை உனக்குக் கீழ போட்டுக்கறேன்" என்றார். மாட்டேன் என்று சொல்லப் போன வாய், "வாரேனுங்க மாமா" என்றது. கெடா உங்களுக்குத்தான் உதறியிருக்கிறது அண்ணா, நாங்கள் வீணாகச் சண்டை போட்டோம்.

ரூம் இருக்கிறது, இன்னொருவரோடு சேர்ந்து தங்க வேண்டும், ஃபேன் ஓடும். கோட்டு வேண்டாம், கோழி மிரளும். வெள்ளிக்கிழமை முதல் லோடு. காலை ஐந்து மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும். எங்கள் ஊர் ஐந்து மணி அண்ணா. அந்த நேரத்தில் வெயில் இருக்காது, டார்ச் எடுத்துக்கொண்டு வாருங்கள்.