வெறும் தண்ணீர் போதும்

பிறருக்குத் தொந்தரவே கொடுக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். நாற்காலி போட்டால் தரையில் உட்காருவார்கள். தரையில் பாய் விரித்தால் எழுந்து நிற்பார்கள். நின்றபடியே, "என்னைக் கவனிக்காதீங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்பார்கள். நடுக்கூடத்தில் ஒருவர் கம்பம் மாதிரி நின்றால் அந்த வீட்டில் யாருக்கு வேலை ஓடும்?

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரோடு சேர்ந்து, கல்லூரி முகாமுக்காக ஒரு மலைச்சரிவு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பரவாயில்லை'. என் வகுப்புத் தோழன்தான்; ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. எழுதினாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்.

வேலை இதுதான். ஊருக்கு மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. அதைக் குழாய் வழியாக இறக்கி, வீடுகளுக்கு மேல்புறம் ஒரு தொட்டி கட்டி நிரப்ப வேண்டும். அதுவரை ஊர்ப் பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கி, குடத்தோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். மணலும் ஜல்லியும் ஊரார் பொறுப்பு. சிமென்ட் மூட்டைகளும் எங்கள் முதுகுகளும் கல்லூரியின் உபயம். கட்டத் தெரிந்தவர் ஒரே ஒரு கொத்தனார்.

எங்களில் சிலரைத் தங்கவைத்த வீட்டுக்கார அக்கா, போய் இறங்கியதும் டீ போட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் வாங்கிக் குடித்தோம். நம்மவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "டீயெல்லாம் வேண்டாம்க்கா, உங்களுக்கு ஏன் சிரமம்? வெறும் தண்ணி போதும்" என்றார்.

வெறும் தண்ணீர்! அந்த ஊரில் அது ஒன்றுக்குத்தான் பஞ்சம். எங்கள் டீக்கு ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீர் செலவாகியிருக்கும். இவர் ஒரு சொம்பை அண்ணாந்து முடித்துவிட்டு, செலவு வைக்காத திருப்தியோடு வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு வாளி குளிக்கத் தண்ணீர் வைத்தார்கள். இவர் தொடவில்லை. மற்றவர்கள் குளிக்கட்டும், எனக்குப் பரவாயில்லை என்றார். சிமென்ட் சுமந்த உடம்போடு ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டே போனால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் பக்கத்தில் படுப்பவர்கள் அல்லவா? அதைவிடப் பெரிய சங்கடம் அக்காவுக்கு. தண்ணீர் கலங்கலாக இருக்கிறதோ, வாளி பிடிக்கவில்லையோ, வீட்டில் ஏதாவது குறை கண்டாரோ என்று அவர் குழம்பி, பக்கத்து வீட்டில் கேட்டு, பக்கத்து வீடு எதிர்வீட்டில் கேட்டு, கடைசியில் அக்காவின் கணவர் வேலை முடிந்த களைப்போடு ஓடைக்குப் போய் நம்மவருக்கென்றே தனியாகப் புதுத் தண்ணீர் சுமந்துவந்தார்.

அதைக் கண்டதும் நம்மவருக்கு மனசு தாங்கவில்லை. எனக்காக ஒருவர் சுமப்பதா? இனி என் தண்ணீரை நானே கொண்டுவருவேன் என்று முடிவு கட்டினார். அந்த முடிவை நிறைவேற்ற அவர் தேர்ந்தெடுத்தது தொட்டிக்கு அடித்தளம் போடும் நாளை.

கொத்தனார் முந்தின நாளே சொல்லியிருந்தார், ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும் என்று. ஊரே திரண்டு நின்றது. கலவை குழைந்து, சட்டிகள் கைமாறி, பாதித் தளம் நிரம்பியபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தம்பி எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டுப் போனால் யாராவது துணைக்கு வருவார்களே, அது தொந்தரவு ஆயிற்றே! வீட்டில் இரண்டு குடங்களைக் காணோம் என்று தெரிந்ததும் அக்காவின் முகம் மாறியது. ஓடைப் பாதையில் பாசி அதிகம். சட்டிகளை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் பள்ளத்தைப் பார்த்து ஓடினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. பதிலே இல்லை. எங்களை முகாமுக்குக் கூட்டிவந்த சார் பாறை பாறையாக எட்டிப் பார்த்தார். அப்போது கேலி எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாறைக்குப் பின்னால் வீங்கிய கணுக்காலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நசுங்கிய குடங்கள். ஏன் குரல் கொடுக்கவில்லை என்று சார் கேட்டார்.

"கூப்பிட்டா வேலை கெட்டுடுமேன்னு பார்த்தேன் சார்."

மேலே ஊருக்குப் போய் ஒரு கட்டில் கொண்டுவந்து, அதில் கிடத்திச் சுமந்துவந்தோம். நடந்துவிடுவேன், பரவாயில்லை என்று வழி நெடுக இறங்கப் பார்த்தார். அவர் அசையும்போதெல்லாம் சுமந்த நாலு பேரும் தடுமாறினோம்.

மேலே வந்து பார்த்தால் பாதித் தளம் இறுகிக் கிடந்தது. சட்டிகளில் இருந்ததும் கல்லாகிவிட்டது. கொத்தனார் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுமேல போட்டா பழசும் புதுசும் சேராம ஒட்டு விழும், ஒழுகும். உடைக்கணும்" என்றார். உடைத்தோம். சுவருக்கு வைத்திருந்த மூட்டைகளில் கொஞ்சம் தளத்துக்குப் போயிற்று. தொட்டி, வரைந்ததைவிட ஒரு முழம் குட்டையாகத்தான் வரும் என்று ஆனது. ஊரார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

நம்மவர் கட்டுப்போட்ட காலோடு மூலையில் உட்கார்ந்து, தனக்கு மருந்து வேண்டாம், தலையணை வேண்டாம், சாப்பாடு வேண்டாம் என்று வரிசையாக மறுத்துக்கொண்டிருந்தார். கொத்தனார்தான் பொறுமை இழந்து, மணலையும் சல்லடையையும் அவர் மடிக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டினார். உட்கார்ந்தபடியே சலித்தார். நன்றாகவே சலித்தார்.

நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று காலையில் குழாய் இருமியது, சேற்றைத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீராகக் கொட்டியது. ஆரவாரம் எதுவும் இல்லை. ஓடைக்கு இறங்கி இறங்கித் தேய்ந்த கால்கள் கொஞ்ச நேரம் சும்மா நின்றன, அவ்வளவுதான். அக்கா முதல் டம்ளரைப் பிடித்து, காலில் அடிபட்ட பிள்ளை என்று நேராக நம்மவரிடம் நீட்டினார்.

"பரவாயில்லைக்கா, மத்தவங்க முதல்ல குடிக்கட்டும்."

அக்கா நீட்டிய கையை எடுக்கவில்லை. பின்னால் ஊர் முழுக்கக் காத்து நின்றது.

"தம்பி, வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. குடுத்துட்டு நாங்க எங்க வேலையைப் பார்ப்போம். வேண்டாம்னு சொல்றவங்களுக்குத்தான் நாலு தடவை வந்து கேட்க வேண்டியிருக்கு."

நம்மவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "குடுங்கக்கா" என்றார். குடித்தார். கண் கலங்கியதா, புரையேறியதா, தெரியவில்லை. ஊர் பெருமூச்சு விட்டு வரிசையில் நகர்ந்தது.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தோம். வேண்டாம் என்று கட்டுக்காலோடு கம்பியைப் பிடித்து நின்றார். அடிபட்டவர் நிற்கும்போது உட்கார மனமில்லாமல் நாங்கள் மூன்று பேர் எழுந்து நின்றோம். ஊர் வந்து சேரும்வரை நாலு பேர் நிற்க, நாலு இருக்கைகள் காலியாகவே பயணம் செய்தன.

போகட்டும். இதைப் படிக்கும் உங்களை இந்த இனத்தில் சேர்க்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். "சேச்சே, நான் அப்படியில்லை. என்னைப் பத்தி எதுக்கு? நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்கிறீர்களா?

அப்படியானால் யோசிக்கவே வேண்டியதில்லை.