மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடரா, ஃபியட்டா?

பழைய கார் வைத்திருப்பவனிடம் காரைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்லுவான் என்பது வேறு விஷயம். எனக்கு வாய்த்தது அம்பாசிடர். என் மனைவியின் தம்பி ஏகாம்பரத்துக்கு ஃபியட்.

"என் வண்டியில குடும்பமே ஏறலாம். கூட ஒரு சாம்பார் அண்டாவும் வைக்கலாம்" என்பேன்.

"அண்டாவுக்கு லாரி இருக்குது மாமா. தெருவுல நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தாலும் ஃபியட் ஓரமா நழுவிக்கினு போயிடும். உங்க வண்டி திரும்பறதுக்குள்ள அந்தச் சேலையே நெய்ஞ்சு முடிச்சிடுவாங்க."

இந்த ஆராய்ச்சி வருஷக்கணக்கில் நடந்தது. முடிவு தெரிய என் மகள் சுமதியின் கல்யாணம் வரவேண்டியிருந்தது.

மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். "அதுக்குள்ள எம்புள்ள மண்டபத்துக்குள்ள கால் வைக்கணும். இல்லன்னா வந்த வழியே திரும்பிடுவோம். நடத்திக் கூட்டிக்கினு போறதும் கூடாது" என்று சம்பந்தி முன்பே சொல்லிவிட்டார். (விளையாட்டாகச் சொல்கிற முகம் அவருக்குக் கிடையாது.)

அம்பாசிடரில் மாப்பிள்ளையும் சம்பந்தியும். பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு ஃபியட். பெருமாளுக்குச் சாத்துவதுபோல என் வண்டியின் முகப்பு முழுக்க வெட்டிவேர் மாலையை இடைவெளியில்லாமல் கட்டினேன். "என் வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் ஏகாம்பரம். அதற்கும் அப்படியே கட்டினேன். பாரபட்சம் பார்க்காதவன் நான்.

நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முனையிலும் நின்று வாசித்தார். வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. பாதி வழியில் என் வண்டி பானட்டிலிருந்து புகை கக்கி நின்றது. மேளக்காரர் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்டா கொதிக்குது போல" என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் இருவரையும் ஃபியட்டில் ஏற்றினான். அவன் சிரிப்பு அடுத்த தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. அங்கே ஃபியட்டும் கொதித்தது. செயல்திறனில் இரண்டும் சமம் என்று ஊரறிய நிரூபணமானது.

மாப்பிள்ளை இறங்கி வந்து மாலையை விலக்கிப் பார்த்தார். "மூக்கை இப்படிக் கட்டிவச்சா வண்டி எப்படி மாமா மூச்சு விடும்? இனிமே ஆறினாத்தான் கிளம்பும்."

மணி நாலேகால். நான் காமாட்சி அம்மனைக் கூப்பிட்டேன். சம்பந்தி சீட்டிலிருந்து அசையவில்லை. "எம்புள்ள நடந்து வரமாட்டான்."

"நான் எங்கப்பா நடக்கறேன்? தள்ளிக்கினு வரேன்" என்று மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, ஃபியட்டின் பின்னால் கை வைத்தார். நானும் வைத்தேன். தள்ளுவதற்கு ஃபியட்தான் சௌகரியம். அம்பாசிடராக இருந்திருந்தால் என் மகள் இன்னும் கன்னியாகவே இருந்திருப்பாள். அதை அன்றைக்கே ஏகாம்பரத்திடம் ஒப்புக்கொண்டேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

ராகு காலத்துக்குச் சற்று முன் மண்டபத்தை அடைந்தோம். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போட்டோக்காரர் மட்டும் தயங்கவில்லை. ஆல்பத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இருப்பது அந்த ஒரே படம்தான்: மாலை அலங்காரத்துக்கு நடுவே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சம்பந்தி, பின்னால் குனிந்த இரண்டு முதுகுகள்.

பேத்தி அதைப் பார்க்கும்போதெல்லாம் சம்பந்தியின் மடியில் ஏறிக்கொண்டு கேட்கிறாள்: "தாத்தா, அன்னிக்கு உங்களுக்கு யாரோட கல்யாணம்?"