மைக்கில் நானே படிக்கச் சொன்ன ரிப்போர்ட்

ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது என் எடையைவிடக் கூடுதலாகவே இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் இன்னும் சரியாக இருக்கிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்வேன். (பேண்டுக்கு மேல் பந்துபோல் எட்டிப்பார்க்கும் தொந்தியைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.) என் மனைவி மாலதி குண்டு. "ஒரு இட்லியைக் குறைச்சுக்கோயேன்" என்று அவளுக்குத் தினமும் உபதேசம்.

போன வருடம் வடக்கே, கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்பில் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நான். அடுத்த ஞாயிறு டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளோடு பேச வந்தார். வரவேற்புரையோடு நிறுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கலாம்.

"டாக்டர், என் ரிப்போர்ட்டையும் மனைவி ரிப்போர்ட்டையும் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. குண்டா இருந்தா என்ன ஆகும்னு ஜனங்களுக்குப் புரியட்டும்!" என்றேன். மைக்கில்.

டாக்டர் தயங்கி மாலதியைப் பார்த்தார். "படிங்க டாக்டர், பரவாயில்ல" என்றாள் அவள்.

"சாருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் நார்மல்." நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். "ஆனா அது மட்டும் பத்தாது. டிரைகிளிசரைடுங்கற கொழுப்பை, ஹெச்.டி.எல்.ங்கற நல்ல கொழுப்பால வகுத்துப் பாப்போம். உடம்பு சர்க்கரையை எப்படிச் சமாளிக்குதுன்னு ஓரளவு தெரியும். அதை வெச்சே முடிவு கட்டிட முடியாது. ஆனா ரெண்டுக்குள்ள இருந்தா நல்லது. மேடத்துக்குத் தொண்ணூறு, அறுபது. ஒண்ணரை! சாருக்கு இருநூத்திப் பத்து, முப்பத்தஞ்சு..."

"ஆறு!" என்று பின்வரிசையிலிருந்து கத்தியது என் மகள். (கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.)

கூடமே சிரித்தது. மாலதி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். தீர்ந்தேன் என்று நினைத்தேன். இத்தனை வருட இட்லிக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"சிரிக்காதீங்க. முகாமுக்காக ஒரு மாசம் அலைஞ்சவர் இவர்தான். நாளைலேர்ந்து என்கூட நடக்க வருவார்" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரிக் குளிரிலும் விடாமல் அவள் காலையில் காலனியைச் சுற்றி வருவதை, அரட்டையடிக்கப் போகிறாள் என்றே நான் பல வருடம் கேலி செய்திருந்தேன். மறுநாள் இரண்டாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் நடையை மெதுவாக்கிக்கொண்டாள். ஆபீஸில் தினமும் தின்றுகொண்டிருந்த ஜிலேபியை அன்றே விட்டேன்.

மகளின் போனில் என் பெயர் இன்றும் 'ஆறு'தான். "மூணரைக்கு வந்தாச்சே, பேரை மாத்தேன்" என்றால், "ஜல்தி ரெண்டுக்கு வாங்க. 'அப்பா'ன்னு போட்டுடறேன்" என்கிறாள்.